ஈரான் பாய் கடைக் காந்தல்

மச்சான்,

இன்று காலை குடிகாடு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். திடீரென்று காற்று திரும்பியது. எந்தக் கம்பெனி எதைத் திறந்துவிட்டதோ, அழுகின முட்டைக்கோஸை மருந்துக்கடைக்குள் கொட்டிய மாதிரி ஒரு நாற்றம். பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'உவ்வே' என்று கத்திக் கும்மாளம் போட்டார்கள். நானும் கர்ச்சீப்பைத் தேடினேன். ஒரே ஒரு ஆள் மட்டும், வெளியூர்க்காரர் போல, எதுவுமே நடக்காத மாதிரி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். சளி பிடித்திருந்ததோ என்னவோ. அவர் இரண்டாவது பழத்தை உரித்தபோது எனக்கு வேலைக்குப் போகத் தோன்றவில்லை. பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதையும் விட்டேன். லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் வழக்கம்போல் கரண்ட் இல்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து பார்த்தேன். கடைசியில் மகனுடைய நோட்டிலிருந்து தாள் கிழித்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ உயிரோடு இருந்தபோது எழுதியதே இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறவனுக்கு யார் கடிதம் போடுவார்கள்?

உன் மூக்கு போன கதையை முதலிலிருந்து சொல்லப்போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ இனிமேல் குறுக்கே பேச முடியாது, எனக்கு மிஞ்சியிருக்கிற சௌகரியம் அது ஒன்றுதான்.

2004. நாம் ரெண்டு பேரும் ஒரே ஷிப்ட். ஒரு மத்தியானம் நீ வால்வைத் திறந்த இடத்தில் குபீரென்று புகை கிளம்பி உன் முகத்தில் அடித்தது. இருமினாய், கண்ணைக் கழுவினாய், மறுபடி வேலையைப் பார்த்தாய். ஒரு வாரம் ஜலதோஷம் மாதிரி இருந்தது. ஜலதோஷம் போய்விட்டது, மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. மெஷின் கத்துவதற்கு முன்னால் எந்தக் குழாயில் கசிவு என்று மோந்தே சொல்கிற ஆள் நீ. கம்பெனியில் ஒளிக்காமல் போய்ச் சொன்னாய். உன்னை பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். அந்த விஷயத்தில் உன்னை ஒரு குறை சொல்ல மாட்டேன்.

அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் உன்னைக் கூட்டிப்போனேன். அந்தச் சின்ன வயசு டாக்டர் காப்பித்தூள், கற்பூரம், கிராம்பு எண்ணெய் என்று குப்பி குப்பியாக உன் மூக்கடியில் வைத்தார். நீ சாமி கும்பிடுகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "ஒண்ணும் இல்லீங்க" என்றாய். அவர் நரம்பு என்றார். வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரத்தோட எரிச்சல், இதெல்லாம் தெரியும். மற்ற ருசி எல்லாம் மூக்கோட வேலைதான் என்றார்.

வெளியே வந்து நீ நடந்தாய் பார், கூட வருகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்கிற நினைப்பே இல்லாமல். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வரும்போது எனக்குப் பசி உயிர் போனது. முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் உன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நுழைந்தேன். அதுதான் ஈரான் பாய் கடை.

அந்தக் கடை நமக்குத் தெரிவதற்கு இருபது வருஷம் முன்பிருந்தே அங்கே இருக்கிறது. பாய் ஈரானிலிருந்து இங்கே படிக்க வந்தவர். படிப்பு முடிகிற நேரத்தில் அவர் ஊரில் சண்டை, திரும்பிப் போகவில்லை. பரங்கிப்பேட்டையில் பெண் எடுத்து, தன் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு மெஸ் மாதிரி ஆரம்பித்து, அப்படியே நின்றுவிட்டார். சுவரில் பனிமலைப் படம், மூலையில் எப்போதும் சூடாக இருக்கும் டீப் பாத்திரம், மேஜைக்கு மேஜை ஒரு தட்டு வெங்காயமும் பச்சிலையும். அவர் பேசுவது மட்டும் சுத்தமான பரங்கிப்பேட்டைத் தமிழ்.

"குந்துங்க தம்பி. சோறு தம்ல இருக்கு."

"எவ்ளோ நேரம் பாய்?" என்று நீ கேட்டாய்.

"அது என் கையிலயா தம்பி இருக்கு? அவசரப்பட்டா கீழ புடிக்காது."

சோறு கீழே பிடிக்கக் கூடாது என்றுதானே நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியிலேயே நிற்கிறார்கள். இந்த மனுஷன் பிடிக்க வேண்டும் என்று காத்திருக்கிறார். நீ காலை ஆட்டிக்கொண்டே இருந்தாய், மேஜையே நடுங்கியது. எழுந்து வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தாய், திரும்பி வந்தாய், மறுபடி போனாய். ஒருவழியாக வெள்ளைச் சோறும் கபாபும் வந்தன. கூடவே ஒரு தனித் தட்டில், செம்பட்டை நிறத்தில், பானையின் அடியிலிருந்து பெயர்த்த காந்தல். பாய் அதைத் தன் கையாலேயே கொண்டுவந்து உன் முன்னால் வைத்தார்.

"என்னா பாய், எங்க வூட்ல இத நாய்க்குப் போடுவாங்க" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"எங்க ஊர்ல இதுக்குத்தான் தம்பி அடிதடி. கடைக்கு மொத தரம் வர்றவுங்களுக்கு மொத துண்டு. கடிச்சுப் பாருங்க. நாய்க்கா ஒங்களுக்கான்னு அப்பறம் முடிவு பண்ணலாம்."

அவர் அதற்கு தஹ்திக் என்று பெயர் சொன்னார். சிதம்பரத்துக்காரர்களுக்கு அது காந்தல்தான், கடைக்கே காந்தல் கடை என்று ஒரு பேர் உண்டு என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ வேண்டாவெறுப்பாக ஒரு துண்டை வாயில் போட்டாய். கறுக்கென்று சத்தம். பக்கத்து மேஜைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆடிக்கொண்டிருந்த உன் கால் நின்றது.

"மச்சான், கேக்குதுடா."

"என்னாது?"

"சோறுடா. மண்டைக்குள்ள கேக்குது. ஒரு மாசமா ஈரத்துணிய மென்னு முழுங்குற மாதிரியே இருந்துது. இது திங்கிற மாதிரி இருக்குதுடா."

உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பனிமலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றையிலிருந்து மாசம் ஒரு தரம் நமக்குச் சிதம்பரம் என்று ஆகிவிட்டது.

அன்று டீ குடிக்கும்போதுதான் நீ என்னிடம் சத்தியம் வாங்கினாய். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்ச வேண்டும் என்று பாய் சொல்லிக்கொடுத்திருந்தார், நீ கட்டியை வாயில் அதக்கிக்கொண்டே சொன்னதால் முதலில் எனக்குப் புரியக்கூட இல்லை.

"வூட்ல மட்டும் சொல்லிடாதடா."

உன் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. உன்னை நான் மச்சான் என்று கூப்பிடுவதால் அவள் எனக்குத் தங்கச்சியாகிவிட்டாள். அவளும் கல்யாணமாகி வந்த முதல் நாளே அண்ணே என்று கூப்பிட்டு இலை போட்டாள். அவளிடம் மறைக்கச் சொல்கிறாய். மச்சான் பக்கம் நிற்பதா தங்கச்சி பக்கம் நிற்பதா என்று எனக்குப் பிடித்த சனியன் பாய் கடையின் அந்த மேஜையில் ஆரம்பித்தது.

மங்கலம்பேட்டைக்கு உனக்குப் பெண் பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா. வாழைக்காய் பஜ்ஜி வைத்தார்கள். நீ ஒன்றைப் பிய்த்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், "மாவுல ஓமம் போட்டது யாருங்க?" என்றாய். அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை இப்போதே நொட்டை சொல்கிறானே என்று. கதவுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை ஓமம் போட்டவள் அவள்தான். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாய், "இவளத்தான்டா கட்டிக்கப் போறேன்."

அதன் பிறகு உங்கள் வீட்டுப் பேச்சே அதுதான். சாயங்காலம் நீ வந்து காலைக் கழுவுவதற்குள் அவள் கரண்டியோடு சமையலறை வாசலில் நிற்பாள். "என்னா கம்மி?" என்பாள். நீ மோந்து பார்த்துவிட்டு மல்லி என்பாய், பெருங்காயம் என்பாய், சில நாள் ஒன்றும் சொல்லாமல் முகத்தைச் சுளித்து அவளைப் பதற வைப்பாய். ஊரில் மற்ற புருஷன்கள் பெண்டாட்டியிடம் எதைப் பேசுவார்களோ, நீங்கள் ரெண்டு பேரும் அதையெல்லாம் ஒரு கரண்டிக் குழம்பை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டீர்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமை கூட உண்டு.

மூக்கு போன பிறகும் அவள் கரண்டியோடுதான் நின்றாள். நீ என்ன செய்தாய்? வாயில் வந்ததைச் சொன்னாய். நல்லாருக்கு என்று சொல்லித் தொலைத்திருந்தாலாவது போயிருக்கும். ஆனால் குறை சொல்லாத நாளே உனக்குக் கிடையாது, சொல்லாவிட்டால் சந்தேகப்படுவாள் என்று குருட்டுவாக்கில் அடித்துவிட்டாய். ஒரு நாள் மல்லி தூக்கல் என்றாய். ஒரு நாள் பெருங்காயம் பத்தவில்லை என்றாய். ஒரு நாள் சோம்பு வாசனையே காணோம் என்றாய். வெந்தயத்தில் மட்டும் நீ சொன்னது நிஜம், அது தீய்ந்தால் கசப்பு உன் நாக்குக்கே தெரிந்துவிடும்.

அவள் நீ சொன்னதையெல்லாம் செய்தாள், மச்சான். அதைத்தான் நான் இன்றுவரை உனக்கு மன்னிக்கவில்லை. மல்லியைக் குறைத்தாள், பெருங்காயத்தைக் கூட்டினாள். அடுத்த வாரம் நீ மாற்றிச் சொன்னால் அவளும் மாற்றினாள். தெருவே கேட்டு வாங்கிப்போகிற கருவாட்டுக் குழம்பு அவளுடையது. கடலூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன்களுக்கு மத்தியானச் சாப்பாடு கேரியரில் அனுப்பிக்கொண்டிருந்தாள், கம்பெனி வேன் வந்து நின்று வாங்கிப்போகும். ஒவ்வொருத்தனாக வாங்குவதை நிறுத்தினார்கள். ஒரு பையன் முகத்துக்கு நேரே, "சாம்பார்ல மருந்து வாசன வருதுக்கா" என்றே சொல்லிவிட்டான்.

ஒரு நாள் என் முன்னால் இலையைப் போட்டுவிட்டு, சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குக் கை போயிடுச்சு போல அண்ணே. அவுரு சொல்றபடிதான் போடுறேன். அப்பவும் ஒருத்தரும் நிக்க மாட்டேங்குறாங்க."

மறுநாள் உன்னை பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கத்தினேன். "சொல்லித் தொலைடா. மூக்கு போனது ஒனக்கு. அவ கையில என்னாடா கோளாறு?"

நீ ஒரு சாக்கு மேலே உட்கார்ந்தாய், உடனே எழுந்தாய். "அவகிட்ட எனக்கு வேற பேச்சே தெரியாதுடா. இதுவும் போச்சுன்னா அவகிட்ட நான் என்னாத்தப் பேசுவேன்?"

பிறகு நாள் தள்ளிக்கொண்டே போனாய். அடுத்த மாசம் சொல்லிடுறேன் என்றாய். பொங்கல் போகட்டும் என்றாய். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்றாய். இதற்கு நடுவே ஈரான் பாய் கடையில் மட்டும் உன் கால் ஆடுவது நின்றது. பாய் உனக்கென்று காந்தலில் தடித்த துண்டாக எடுத்துவைப்பார். நீ கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாய். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கறுக் கறுக் சத்தத்தைக் கேட்கவே எரிச்சலாக இருக்கும். கடலூரில் ஒருத்தி தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள், நீ இங்கே சுகமாக மென்றுகொண்டிருக்கிறாய் என்று.

2008-இல் அவளே கிளம்பிவிட்டாள். "மாசா மாசம் ரெண்டு பேரும் அப்புடி என்னாத்தத்தான் திங்கப் போறீங்க? நானும் வர்றேன்." நீ எவ்வளவோ சாக்கு சொன்னாய். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

கடைக்குள் நுழைந்ததும் மேஜை மேல் இருந்த பச்சிலையை ஒரு இலை கிள்ளி மோந்து பார்த்தாள். "இது திருநீத்துப்பச்சலதானே? எங்க அம்மா வூட்டு வேலியில மண்டிக் கெடக்குது" என்றாள். பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீரையும் கறியும் போட்டு நாள் முழுக்கக் கொதித்த அந்தக் கறுப்புக் குழம்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். அவள் நுனி விரலில் தொட்டு நாக்கில் வைத்து, வெந்தயக்கீரை, வெங்காயத்தாள், ஏதோ காய்ந்த எலுமிச்சை என்று அடுக்கினாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். கை போய்விட்டது என்றவளுக்கு நாக்கும் மூக்கும் எங்கேயும் போகவில்லை என்பதை நீயும் அன்றைக்குப் பார்த்தாய் அல்லவா?

பிறகு மோர் வந்தது. அவர்கள் ஊர் மோர், உப்பு போட்டுக் காய்ந்த புதினாவைத் தூவியது. அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தம்ளரை உன்னிடம் நீட்டினாள்.

"பெருங்காயம் ஜாஸ்தியாப் போட்டுட்டாங்க, இல்ல?"

மேஜைக்கு அடியில் உன் காலை மிதிக்க முயன்றேன். எட்டவில்லை. நீ குடித்தாய், உன் வழக்கப்படி ஒரு கணம் யோசிக்கிற மாதிரி தலையைச் சாய்த்தாய்.

"ஆமா, ஜாஸ்திதான்."

அந்த மோரில் பெருங்காயமே கிடையாது. பாய் கடையில் பெருங்காய டப்பாவே கிடையாது. அவள் தம்ளரை வாங்கி மெதுவாகக் கீழே வைத்தாள். ரொம்ப நாளாகவே அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. ஒரு வெயில் காலத்தில் ஊசிப்போன கூட்டைத் தெரியாமல் போட்டுவிட்டாளாம், நீ அதைத் தின்றுவிட்டு மல்லி கொஞ்சம் கம்மி என்றாயாம். அன்றிலிருந்து ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தாளாம். இதையெல்லாம் பிறகு சொன்னாள். அப்போது உன்னைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"எப்பலேர்ந்து அண்ணே?"

நான் உன்னைப் பார்த்தேன். நீயே சொன்னாய். "நாலு வருஷமா."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப என் கைக்கு ஒண்ணும் ஆவல" என்றாள். முகத்தில் ஒரு கணம் நிம்மதி மாதிரி ஏதோ வந்தது. அப்புறம்தான் கோபம். "நாலு வருஷம் என்னிய நானே திட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லத் தோணல ஒங்களுக்கு. ஒங்களுக்கும் தோணல அண்ணே. இனிமே ஒங்க ரெண்டு பேர்கிட்டயும் வாயத் தொறந்து ஒண்ணு கேக்க மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துத்தானா பாய் காந்தல் தட்டோடு வர வேண்டும்? "தங்கச்சி மொத தரம் வந்திருக்காங்க, மொத துண்டு அவுங்களுக்கு" என்று நீட்டினார். அவள் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். "நல்லா மொறுமொறுன்னு இருக்குதுங்க" என்றாள். சொல்லும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. பாய்க்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், காரம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினார். திரும்பும்போது அவள் பஸ்ஸில் முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். புதுச்சத்திரம் தாண்டியும் நீ காலை ஆட்டிக்கொண்டே வந்தாய்.

சொன்னபடியே செய்தாள். சமைப்பாள், வைப்பாள், போய்விடுவாள். கரண்டியோடு வாசலில் நிற்பது நின்றுபோனது. எனக்கும் இலை போடுவாள், அண்ணே என்பாள், எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அளவு டம்ளர், அளவுக் கரண்டி எல்லாம் வாங்கிவைத்து மருந்துக்கடைக்காரர் மாதிரி அளந்து போட ஆரம்பித்தாள். அந்த வீட்டில் அப்போது உட்கார முடியாது, மச்சான். சண்டை போட்டாலாவது தேவலை என்று இருக்கும்.

அடுத்த தரம் சிதம்பரம் போனபோது நீ காந்தலைத் தொடவில்லை. பாய் விசாரித்தார். நீ அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாய், என்னிடம் சொல்லாததையும் சேர்த்து. அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்ல சாப்ட்டுட்டு இது கம்மி அது ஜாஸ்தின்னு சொல்ல மாட்டோம் தம்பி. ஆக்குனவுங்களப் பாத்து, ஒங்க கை வலிக்காம இருக்கணும்னு சொல்லுவோம். அதுக்கு மூக்கு எதுக்கு?" பிறகு சிரித்தார். "எங்க வூட்டுக்காரி மொத ரெண்டு வருஷம், சாப்பாடு நல்லால்லங்குறதத்தான் நான் இப்படி மழுப்புறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா."

நீ வீட்டுக்குப் போய் அன்று சாயங்காலமே சொல்லிப் பார்த்தாய், நானும் கூட இருந்தேன். சாப்பிட்டு எழுந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவன் மாதிரி நின்று, "ஒன் கை வலிக்காம இருக்கணும்" என்றாய்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வலிக்குதுதான். வந்து தேங்கா துருவிக் குடுங்க."

நீ போய்த் துருவினாய். மறுநாளும் துருவினாய். அப்புறம் பூண்டு உரித்தாய், மீன் கழுவினாய். நாற்றம் தெரியாதவனுக்கு மீன் கழுவுகிற வேலை நல்ல பொருத்தம் என்று அவள் குத்தினாள், நீ சிரித்தாய். அந்தச் சின்னச் சமையலறையில் ரெண்டு பேரும் இடித்துக்கொண்டு நின்று ஏதேதோ பேச ஆரம்பித்தீர்கள். பேச்சே இருக்காது என்று பயந்தாயே, பேசி முடியவில்லை உங்களுக்கு. கேரியர் சாப்பாட்டுக்குப் பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். ஆனால் அளவுக் கரண்டியை அவள் கீழே வைக்கவே இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டால் பொய்தான் வரும் என்று அவளுக்கு ஆகிவிட்டது. அதற்கு நீயும் நானும்தான் காரணம், பாதிப் பாதி வேண்டாம், முக்கால் உன்னுடையது.

2011 டிசம்பரில் புயல் வந்து போன அடுத்த மாசம் நீ போனாய். ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் பூட்டைத் திறக்கக் குனிந்தாய், அப்படியே உட்கார்ந்துவிட்டாய். உனக்கு உட்கார்ந்து பழக்கமே இல்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது ஒன்றும் மிச்சமில்லை.

அதன் பிறகு ஈரான் பாய் கடைக்கு ஒரே ஒரு தரம் தனியாகப் போனேன். புயலில் பெயர்ந்த முன்கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மொழியில் என்னவோ சொன்னார். "குந்துங்க தம்பி, சோறு தம்ல இருக்கு" என்றார். என்னால் குந்த முடியவில்லை. மேஜைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நீ செய்த அதே வேலைதான், ஆனால் எனக்குக் கடைசிவரை கால் நிற்கவில்லை. பானையைக் கவிழ்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முப்பதாம் நாள் படையல் போட்டார்கள். உனக்குப் பிடித்தது என்னென்ன என்று உறவுக்காரப் பெண்கள் அவளைக் கேட்டார்கள். கருவாட்டுக் குழம்பு என்று மட்டும் சொன்னாள். யாரையும் அடுப்படிக்குள் விடாமல் தானே வைத்தாள். படையலுக்கு வைப்பதை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது இல்லையா, அதனால் மோந்தும் பார்க்காமல் ருசியும் பார்க்காமல் வைத்தாள். அன்றைக்கு அளவுக் கரண்டியும் கையில் இல்லை. கற்பூரம் காட்டி முடித்து எல்லோருக்கும் இலை போட்டார்கள். உன் பெரியப்பா 'அருமை' என்றார். அவள் ஊர்ச் சித்தி 'என்னா ருசி, என்னா ருசி' என்று மூக்கைச் சிந்தினாள். அவள் எதையும் காதில் வாங்காமல் வாளியோடு பந்தியில் வந்துகொண்டிருந்தாள். என் இலைக்கு வந்தாள், ஊற்றினாள். நகரவில்லை. நான் ஒரு வாய் வைக்கிறவரைக்கும் அங்கேயே நின்றாள்.

"என்னா கம்மி?"

நாலு வருஷம் கழித்து ஒருத்தரைப் பார்த்துக் கேட்கிறாள். பந்தியில் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள். காரியம் நடக்கிற வீட்டில், புருஷனைப் பறிகொடுத்தவள் வைத்த குழம்பு. நல்லாருக்கு என்கிற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, மச்சான். அதை விழுங்கினேன்.

"உப்பு கம்மி, தங்கச்சி. புளி ஜாஸ்தி. பெருங்காயம் போடவே மறந்துட்ட."

பக்கத்து இலைக்காரர் என் தொடையைக் கிள்ளினார். "ஏம்பா, சாவு வூட்ல வந்து..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவள் வாளியைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில், ரெண்டு இலைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். உன்னைத் தூக்கின அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, உள்ளே போய் உப்பு ஜாடியோடு வந்தாள். என் இலையில் ஒரு சிட்டிகை வைத்து, "கலந்து பாத்துட்டு இப்ப சொல்லுங்க அண்ணே" என்றாள். கலந்தேன். சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பினாள்.

இப்போது அவள் மறுபடியும் கை அளவில்தான் சமைக்கிறாள். அமாவாசைக்கு அமாவாசை எனக்கு அங்கேதான் சாப்பாடு. கரண்டியோடு வாசலில் நிற்கிறாள், நான் சொல்ல வேண்டும். உன் அளவுக்கு மூக்கு எனக்கு எங்கே இருக்கிறது? அதற்காகவே ஹான்ஸ் புகையிலை போடுவதை விட்டேன், என் வீட்டுக்காரி எத்தனை வருஷம் தலையால் அடித்துக்கொண்டும் விடாதவன். அதே கம்பெனி, அதே வால்வு, அதே புகைக்குப் பக்கத்தில்தான் இன்னும் நிற்கிறேன். முகமூடியைக் கழற்றுவதே இல்லை, பையன்கள் கேலி செய்கிறார்கள்.

போன அமாவாசைக்கு ரசத்தை மோந்துவிட்டுப் பெருங்காயம் ஜாஸ்தி என்றேன். "அளவாத்தான் போட்டிருக்கேன். ஒங்க மூக்குலதான் கோளாறு" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் சும்மாதான் சொன்னாள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, அவர்கள் வீட்டுக் கொல்லையில் போய், கை கழுவுகிற சோப்பை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தேன். மணத்தது, மச்சான், நன்றாகவே மணத்தது. அவள்தான் பெருங்காயத்தை அள்ளிப் போட்டிருந்தாள். உள்ளே போய் மறுபடியும் அதையேதான் சொன்னேன்.